குக்கலும் கலமற்ற தடுப்பு மருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று நூல்களிற் போர்களுக்கும் உடன்படிக்கைகளுக்கும் ஆட்சி மாற்றங்களுக்கும் அளிக்கப்படும் இடம் குழந்தைகளின் பிழைப்புக்கும் இறப்புக்கும் அளிக்கப்படுவதில்லை. எனினும், பிறந்த குழந்தைகளுட் பெரும்பாலானவை வளர்ந்து ஆளாகும் என்று ஒரு தாய் நம்பியிருக்கத்தக்க நிலை இருபதாம் நூற்றாண்டிலேயே உலகின் பல பாகங்களில் முதன்முறையாகத் தோன்றியது. இம்மாற்றம் எந்த ஆட்சி மாற்றத்துக்கும் குறைந்ததன்று. இதற்குக் காரணமானவற்றுள் தடுப்பு மருந்தும் ஒன்றாகும்.

கலைப்பீட மாணவர் ஒருவர் தடுப்பு மருந்தைப் பற்றி எழுதப் புகுவது துணிவுடைய செயலாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு மருந்து ஏன் தோன்றிற்று, மக்கள் அதனை ஏன் ஏற்றனர், பின்னர் ஏன் வெறுத்தனர், அதனிடத்தில் வேறொன்று எவ்வாறு வந்தது என்பன வரலாற்று வினாக்களேயாம். பற்றீரியாக்களால் விளையும் நோய்களுக்கு எதிராக, முழுக் கிருமியை விடுத்து அதன் புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து ஆக்கப்பட்ட மருந்துகளின் வரலாற்றில், இவ்வினாக்கள் அனைத்தும் ஒருங்கே எழுவது குக்கல் நோயின் கதையிலாகும். ஆகவே அதனையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

நோயும் அதன் காரணியும்

கக்குவான் எனவும் குக்கல் எனவும் நாம் வழங்கும் நோய் முதலிற் சாதாரண தடிமன் போலவே தொடங்கும். ஓரிரு வாரங்களில் இருமல் அடுக்கடுக்காக வரும். மூச்செடுக்க இடமின்றி இருமி இருமி முகம் கறுத்து, ஈற்றிற் கூவுவது போன்ற ஒலியுடன் காற்று உள்ளிழுக்கப்படும். அதனைத் தொடர்ந்து வாந்தியும் வரும். சீனரும் யப்பானியரும் இதனை நூறு நாள் இருமல் எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். ஒரு சில மாதங்களே நிரம்பிய குழந்தைகளிடத்து அந்தக் கூவலும் கேட்பதில்லை. இரும வலுவின்றி மூச்சு நின்றுவிடுவதே அவர்களுக்கு நேர்வது. இந்நோயால் இறப்போருட் பெரும்பாலோர் இப்பருவத்தினரே என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் இது மீண்டும் வரும்.

1578 ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் பரவிய இந்நோயைப் பற்றி கியோம் டி பையூ என்னும் மருத்துவர் எழுதிவைத்துள்ளார். நோயின் காரணியான பற்றீரியாவை 1906 ஆம் ஆண்டில் வேறாக்கி வளர்த்தவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த யூல் போர்தேயும் ஒக்தாவ் ஜாங்கூவும் ஆவர். முன்னவரின் பெயராலேயே அக்கிருமி போடெற்றெல்லா பெற்றூசிசு என இன்று வழங்கப்படுகிறது.

நச்சிலிருந்து மருந்து

புரதத்தை மருந்தாக்கும் எண்ணம் குக்கலிலிருந்து பிறந்ததன்று. தொண்டைக்கரப்பானிலிருந்தும் ஏற்பு நோயிலிருந்தும் பிறந்தது. தொண்டைக்கரப்பான் கிருமி தொண்டையில் மாத்திரமே தங்கியிருக்க, இதயமும் நரம்பும் கெடுவது எவ்வாறு என்ற வினாவுக்கு 1888 ஆம் ஆண்டில் ரூவும் யேர்சினும் விடை கண்டனர். கிருமி வெளியிடும் தொட்சின் என்னும் நச்சுப் புரதமே கேட்டை விளைவிக்கிறது என்பது அவர்கள் காட்டிய உண்மை. 1890 இற் பெரிங்கும் கிற்றசாற்றோவும், நச்சுக்கு ஆட்பட்ட விலங்கின் குருதியில் அந்நச்சை முறிக்கும் பொருள் தோன்றுவதை மெய்ப்பித்தனர். அந்நச்சை நேரடியாக மனிதருக்கு ஏற்ற இயலாது என்பதே எஞ்சிய இடர்ப்பாடு.

1920 களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கிளெனியும் பிரான்சில் கஸ்தோன் ராமோனும் இதற்கு வழி கண்டனர். போமலினுடன் சேர்த்து இளஞ்சூட்டில் வைக்கப்பட்ட தொட்சின் நஞ்சை இழந்துவிடும். ஆனால் உடலுக்குக் கற்பிக்கும் ஆற்றலை இழப்பதில்லை. இவ்வாறு ஆக்கப்பட்ட பொருளே தொட்சொயிட் எனப்படும். பகைவனின் வாளை முனை மழுக்கிக் கையிற் கொடுத்துப் பயிற்றுவது போன்ற செயல் இது. தொண்டைக்கரப்பானும் ஏற்பும் ஒவ்வொரு தொட்சினாலேயே உயிரைக் குடிக்கும் நோய்களாதலின், அந்த ஒரு புரதத்துக்கு எதிரான நிர்ப்பீடனமே போதுமானதாயிற்று.

குக்கல் இதற்கு மாறானது. அதன் கிருமி சில புரதங்களாற் சுவாசக்குழாயின் சுவரைப் பற்றிக்கொள்ளும். வேறு சிலவற்றாற் கலங்களைச் சிதைக்கும். குக்கல் தொட்சின் என்னும் நச்சினாற் குருதியின் வெண்கலங்களைத் தடுமாறச் செய்யும். இவற்றுள் எதற்கு எதிராக உடலைப் பழக்குவது என்பதை அக்காலத்தவர் அறிந்திலர். அறியாதபோது செய்யக்கூடியது ஒன்றே: முழுக் கிருமியையும் கொன்று ஏற்றுவது. டென்மார்க்கைச் சேர்ந்த தோர்வல் மட்சன் 1920 களிற் பரோ தீவுகளில் அவ்வாறு செய்து ஓரளவு பயன் கண்டார். ஆனால் வேறிடங்களில் ஆக்கப்பட்ட மருந்துகள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பலன்களைத் தந்தன. மருத்துவ உலகு ஐயத்துடனேயே இருந்தது.

இரு பெண்களின் உழைப்பு

இந்த ஐயத்தைப் போக்கியவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் இருந்த அரச சுகாதார ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பேர்ல் கென்றிக், கிறேஸ் எல்டரிங் என்னும் இரு பெண்கள். இருவரும் முன்னர்ப் பள்ளி ஆசிரியைகளாக இருந்தவர்கள். இருவரும் குழந்தைப் பருவத்திற் குக்கலால் வருந்தியவர்கள்.

1932 ஆம் ஆண்டு பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். பகலில் ஆய்வுகூடத்தின் வழமையான பரிசோதனைகளை முடித்துவிட்டு, மாலை வேளைகளில் இவ்விருவரும் நோயுற்ற குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்றனர். குழந்தையின் வாயருகே வளர்ப்பூடகத் தட்டைப் பிடித்து அதில் இருமச் செய்தனர். வேலையிழந்த தந்தையர், மண்ணெண்ணெய் விளக்கொளி, இருமும் குழந்தைகள் ஆகிய சூழலிலேயே அவர்களது ஆராய்ச்சி நிகழ்ந்தது. அத்தட்டுகளில் வளர்ந்த கிருமிகளிலிருந்தே அவர்கள் தமது மருந்தை ஆக்கினர். அன்றியும், ஒரு குழந்தையின் தொற்று எத்தனை நாள் நீடிக்கும் என்பதனையும் அத்தட்டுகளே அவர்களுக்கு உணர்த்தின.

அவர்களது சிறப்பு மருந்தை ஆக்கியதில் மட்டும் அடங்குவதன்று. மருந்து ஏற்றப்பெற்ற குழந்தைகளை ஏற்றப்பெறாத குழந்தைகளுடன் ஒழுங்காக ஒப்பிட்டு நோக்கியதே பெருஞ்சிறப்பாகும். 1934 இல் தொடங்கிய அவர்களது களப் பரிசோதனையை நேரில் வந்து நோக்கிய புகழ்பெற்ற தொற்றுநோயியலாளர் வேட் ஹம்ப்ற்றன் புறொஸ்ற், தொடக்கத்தில் ஐயுற்றிருந்தும் பின்னர் அதனைத் திருத்தமுற நடத்த ஆலோசனை கூறினார். அதிபரின் மனைவியாகிய எலினோர் ரூஸ்வெல்ற் ஆய்வுகூடத்தைப் பார்வையிட்ட பின்னர் பணியாளரை அமர்த்த நிதியுதவியும் கிடைத்தது. ஆற்றல் மிக்க கிருமி வகையைத் தெரிந்தெடுப்பதற் கறுப்பினப் பெண்மணியாகிய லோனி கோடன் பின்னர் ஆற்றிய பணியும் குறிப்பிடத்தக்கது. மருந்தின் வலுவை எலிகளைக் கொண்டு அளக்கும் முறையைக் கென்றிக் வகுத்தார்; பிற நாடுகளும் அதனை ஏற்றுக்கொண்டன.

1940 களில் இம்மருந்து தொண்டைக்கரப்பான், ஏற்பு ஆகியவற்றின் தொட்சொயிட்டுகளுடன் சேர்க்கப்பட்டு முக்கூட்டு ஊசியாக வெளிவந்தது. 1934 இல் அமெரிக்காவிற் பதிவான குக்கல் நோயாளர் தொகை 260,000 இற்கு மேல். 1976 இல் அது ஏறத்தாழ 1,000 ஆகக் குறைந்தது.

ஐயத்தின் காலம்

ஒரு நோய் கண்ணுக்கு மறையும்போது அதற்கான மருந்தின் குறைகளே கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. முழுக்கலத் தடுப்பு மருந்திற் கிருமியின் பயனுள்ள புரதங்கள் மட்டுமன்றி அதன் புறச்சுவரிலுள்ள நச்சுப் பொருளும் உண்டு. ஊசி ஏற்றிய குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வீக்கமும் ஓயாத அழுகையும் வருவது வழமை. சிலருக்குக் காய்ச்சலுடன் வலிப்பும் வந்தது. குக்கலால் இறந்த குழந்தையைக் கண்டிருந்த தலைமுறை இவற்றைப் பொறுத்துக்கொண்டது. காணாத தலைமுறை பொறுக்கவில்லை.

1974 ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சிலர், ஊசியின் பின் நரம்புக் கோளாறு தோன்றியதாகக் கூறப்பட்ட 36 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையொன்றை வெளியிட்டனர். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் அதனை நாடெங்கும் கொண்டுசென்றன. பத்திற்கு எட்டுக் குழந்தைகள் ஊசி பெற்றுவந்த பிரித்தானியாவிற் சில ஆண்டுகளில் அத்தொகை மூன்றாகச் சுருங்கிற்று. 1977 முதல் 1979 வரை அங்கு பரவிய கொள்ளைநோயில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சுவீடன் 1979 இல் ஊசியை முற்றாகவே நிறுத்தியது.

யப்பானில் நேர்ந்தது இதனினும் தெளிவான பாடமாகும். 1974 இன் இறுதியிலும் 1975 இன் தொடக்கத்திலும் ஊசி பெற்ற இரு குழந்தைகள் அடுத்தடுத்து இறக்க, அரசு அதனை இடைநிறுத்தியது. சில மாதங்களின் பின் ஊசி மீளத் தொடங்கப்பட்டதாயினும் இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கே அது விதிக்கப்பட்டது, பெற்றோரும் முன்வரவில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதாக இருந்த ஊசி வீதம் 1976 இற் பத்தளவுக்குச் சரிந்தது. 1974 இல் 400 ஐ எட்டாதிருந்த நோயாளர் தொகை 1979 இல் 13,000 ஐத் தாண்டிற்று. அவ்வாண்டில் 41 பேர் இறந்தனர்.

அப்பெற்றோரை அறிவிலிகள் என்று தள்ளிவிடுவது எளிது. வரலாற்று மாணவருக்கு அது தகாது. தன் குழந்தைக்கு ஊசியின் பின் நேர்ந்த கேட்டினை ஒரு தாய் ஊசியோடு தொடர்புபடுத்துவது இயற்கை. ஒன்றன்பின் நிகழ்ந்த மற்றொன்று அதனால் நிகழ்ந்ததா என்பதை நிறுவும் கருவிகள் அன்று மருத்துவரிடமும் முழுமையாக இருக்கவில்லை. 2006 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் சாமுவேல் பேர்க்கோவிக்கும் அவரது குழுவினரும் ஊசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 11 பேரிடத்துக் கடும் வலிப்பு நோயை விளைவிக்கும் பரம்பரை அலகு மாற்றம் காணப்பட்டது. பிறப்பிலேயே அமைந்த நோய் ஊசி பெறும் பருவத்தில் வெளிப்பட்டிருந்தது. இவ்விடை கிடைப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றது. அதுவரை பழி ஊசியின் மீதே இருந்தது.

யப்பானின் விடை

ஊசியை மக்கள் மறுத்தபோது, மக்கள் ஏற்கத்தக்க ஊசியை ஆக்குவதே வழி என யப்பானிய அறிஞர் துணிந்தனர். தோக்கியோவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் யூஜி சாற்றோவும் அவரது துணைவியார் ஹிரோக்கோ சாற்றோவும் குக்கல் கிருமியின் புரதங்களை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தனர். திரவ ஊடகத்திற் கிருமியை வளர்த்து, அது வெளியிட்ட புரதங்களுள் இரண்டை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒன்று குக்கல் தொட்சின். மற்றையது கிருமி கலச்சுவரைப் பற்றிக்கொள்ள உதவும் இழை போன்ற புரதம். சுக்குரோசுக் கரைசலில் மிகுவேகமாகச் சுழற்றி இவற்றைக் கிருமியின் புறச்சுவர் நச்சினின்றும் பிரித்தனர். பின்னர்ப் போமலினால் நஞ்சை நீக்கினர். அரை நூற்றாண்டுக்கு முன் ராமோன் கையாண்ட உத்தியே குக்கலுக்கும் ஈற்றிற் கைகொடுத்தது.

1981 ஆம் ஆண்டில் யப்பான் இக்கலமற்ற தடுப்பு மருந்தைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. காய்ச்சலும் வீக்கமும் பெரிதும் குறைந்தன. பெற்றோர் திரும்பிவந்தனர், நோயும் தணிந்தது. 1990 களிற் சுவீடன், இத்தாலி முதலிய நாடுகளிற் பெரும் பரிசோதனைகள் நிகழ்ந்தன. ஒன்று முதல் ஐந்து வரையான புரதங்களைக் கொண்ட பல்வேறு மருந்துகள் அவற்றில் ஒப்பிடப்பட்டன. பதினேழு ஆண்டுகள் குக்கல் ஊசியின்றி இருந்த சுவீடன் 1996 இல் அதனை மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவும் அவ்வாண்டிலேயே கைக்குழந்தைகளுக்குக் கலமற்ற ஊசிக்கு அனுமதியளித்தது.

இதற்கிடையில் இத்தாலியின் சியேனா நகரில் ரீனோ ரப்புவோலியும் அவரது குழுவினரும் இன்னுமொரு படி மேலே சென்றிருந்தனர். போமலின் நஞ்சை நீக்குவதோடு புரதத்தின் வடிவத்தையும் ஓரளவு குலைத்துவிடும். குலைந்த வடிவத்தைக் கண்டு பழகிய உடல் உண்மையான பகைவனை முற்றாக அடையாளம் காண்பதரிது. ஆகவே அவர்கள் கிருமியின் பரம்பரை அலகிலேயே மாற்றம் செய்து, தொட்சினின் இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் வேறாக்கினர். 1989 இல் வெளியான அவர்களது முடிவின்படி, அவ்வாறு பிறந்த புரதம் வடிவத்தில் தொட்சினே, செயலிலோ நஞ்சற்றது. அறிவியல் நோக்கிற் சிறந்ததாயிருந்தும் இம்முறை உலகெங்கும் பரவவில்லை. நெடுங்காலத்தின் பின் 2016 இற் தாய்லாந்தில் இத்தகைய தொட்சினைக் கொண்ட மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

தூய்மைக்குக் கொடுத்த விலை

இவ்விடத்திற் கதை முடிந்திருப்பின் அது அறிவியலின் வெற்றிக்கதையாக அமைந்திருக்கும். 2010 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் 9,000 இற்கும் மேற்பட்டோர் குக்கலாற் பாதிக்கப்பட்டனர். பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. 2012 இல் அமெரிக்கா முழுவதிலும் 48,000 இற்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 1955 இன் பின் அந்நாடு அத்தகைய தொகையைக் கண்டதில்லை. நோயுற்றோருள் ஊசி பெறாதோர் மட்டுமன்றி, விதித்தபடி எல்லா ஊசிகளையும் பெற்ற எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளும் பலர் இருந்தனர். பிறந்த நாள் முதற் கலமற்ற ஊசியை மட்டுமே பெற்று வளர்ந்த முதற் தலைமுறையினர் இவர்கள்.

ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, கலமற்ற ஊசி தரும் நிர்ப்பீடனம் ஆண்டுதோறும் விரைந்து தேய்கிறது. முழுக்கல ஊசியை ஒருமுறையேனும் முதலிற் பெற்றவர்கள் அவ்வளவு விரைவில் அதனை இழக்கவில்லை. இரண்டாவது, 2013 இல் வெளியான பபூன் குரங்குகள் பற்றிய ஆய்வின்படி, கலமற்ற ஊசி பெற்ற குரங்கு நோயுறவில்லையாயினும் அதன் தொண்டையிற் கிருமி வாரக்கணக்கில் தங்கியது. பிற குரங்குகளுக்கும் தொற்றியது. முழுக்கல ஊசி பெற்றவை கிருமியை விரைவில் அகற்றின. இரு ஊசிகளும் உடலின் வெண்குருதிக் கலங்களை வெவ்வேறு வழிகளிற் பழக்குகின்றன என்பதே இதன் உட்பொருள். காய்ச்சலை விளைவித்த அதே புறச்சுவர் நச்சுத்தான் உடலை விழிப்பூட்டி நீண்ட நினைவையும் பதித்தது என இன்று கருதப்படுகிறது. களைந்தது எது என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். அதனோடு சேர்ந்து போனது எது என்பது ஒரு தலைமுறை வளர்ந்த பின்னரே தெரியவந்தது.

கிருமியும் வாளாவிருக்கவில்லை. கலமற்ற மருந்துகள் பலவற்றிற் சேர்க்கப்பட்ட பேர்ட்டக்ற்றின் என்னும் புரதத்தை முற்றாகவே கைவிட்ட கிருமி வகைகள் யப்பான், பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளிற் பெருகின. சில புரதங்களை மட்டும் குறிவைப்பின், அவற்றைத் துறந்த பகைவன் தப்பிவிடுவான் என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றைக் கொண்டு கலமற்ற மருந்து தோல்வி எனக் கூறுதல் பிழையாகும். அது பெற்றோரின் நம்பிக்கையை மீட்டது. கடும் நோயினின்றும் குழந்தைகளைக் காத்தது. பிறந்த குழந்தைக்கு ஊசி ஏற்றும் பருவத்துக்கு முன்னரே ஆபத்து நேர்வதால், 2012 முதற் பிரித்தானியாவிற் கருவுற்ற தாய்மாருக்கு இவ்வூசி ஏற்றப்படுகிறது. தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தையைச் சென்றடைந்து முதல் மாதங்களிற் காக்கின்றன. அங்கு அந்த ஊசியாற் கைக்குழந்தைகள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடு காக்கப்பட்டதாகக் கணிக்கப்பட்டது. பக்க விளைவு குறைந்த கலமற்ற ஊசி இல்லாதிருப்பின் இதனை நினைத்தும் பார்த்திருக்க இயலாது.

முடிவுரை

எமது நாட்டின் அனுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. 2008 இல் இலங்கையில், குக்கலுக்கான முழுக்கல மருந்தைக் கொண்ட ஐங்கூட்டு ஊசி அறிமுகமாயிற்று. ஊசியின் பின் சில குழந்தைகள் இறந்ததையடுத்து அது அவ்வாண்டிலேயே இடைநிறுத்தப்பட்டது. நிபுணர் ஆராய்ந்த பின்னர் 2010 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இடைக்காலத்திற் பழைய முக்கூட்டு ஊசி தொடர்ந்து வழங்கப்பட்டதால் யப்பானுக்கு நேர்ந்தது இங்கு நேரவில்லை. ஐயத்துக்குச் செவிசாய்த்தல், ஆராய்தல், அதுவரை குழந்தைகளைக் காப்பின்றி விடாதிருத்தல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழ்ந்தன. முழுக்கல ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் அதனைத் தொடர்வதே நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியதையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். செல்வ நாடுகள் கைவிட்டதால் மட்டும் ஒரு பொருள் இழிந்ததாகிவிடுவதில்லை.

கென்றிக்கும் எல்டரிங்கும் வீடு வீடாகச் சென்றபோது அவர்களிடம் தூய புரதம் இருக்கவில்லை. பெற்றோரின் நம்பிக்கை இருந்தது. சாற்றோ தம்பதியர் தூய புரதத்தை ஆக்கியது இழந்த நம்பிக்கையை மீட்கவே. தடுப்பு மருந்தின் வரலாற்றில் ஆய்வுகூடமும் வீட்டு முற்றமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்ததில்லை. அடுத்த தலைமுறைக்கான குக்கல் மருந்தை அறிவியல் மாணவர் ஆக்குவர். அதனை மக்கள் ஏற்பதும் மறுப்பதும் எவ்வாறு நிகழும் என்பதை ஆராய்ந்து கூறும் கடமை கலைப்பீடத்தினராகிய எமக்கும் உண்டு.